முடக்கில் காயும் நெல்

...போகும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு போனது கணக்கில் வராது, அதைக் கேதீஸ்வரியே மனதுக்குள் ஒத்துக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் குந்தியிருந்துவிட்டு மகன் நல்லாத்தான் ஓடுகிறான் என்று சொன்னால் அது என்ன சாட்சி? ஆரையம்பதியில் கோயில் வாசலில் இறங்கியதும் லக்ஷன் சிரித்துக்கொண்டே கேட்டானே, "எப்பிடிம்மா, பயந்தீங்களா?" என்று, "நான் என்னத்துக்குப் பயப்பிட" என்று வாய் சொன்னது, கை இன்னும் வண்டியின் பின்கம்பியை விடவில்லை. சரி, திரும்பும்போது கண்ணைத் திறந்துகொண்டுதான் வருவது, அதற்குத்தானே வந்தது... இப்போது பாலம், இரண்டு பக்கமும் வாவி, புருசனின் ஹெல்மட்டுக்குள் காற்றுப் புகுந்து ஊ ஊ என்கிறது, அவருடைய தலை பெரிது, இவள் தலை அதற்குள் தேங்காய்போல் ஆடுகிறது, சேலையோடு ஒரு பக்கமாகக் கால் போட்டிருக்கிற பொம்பிளைக்கு இந்த வாகனத்தில் பிடிக்க என்னதான் இருக்கிறது, மகனின் தோளும் பின்னால் ஒரு கம்பியும். பாலம் நேர். நேரில் பயம் குறைவு. பாலத்துக்கு அங்கால் படுவான்கரை, வீடு, வீட்டுக்கு முன் ரோடு வளைகிற முடக்குகள்... எத்தனை முடக்கு? இத்தனை வருடம் பஸ்ஸில் போய்வந்த ரோட்டில் முடக்கு இருப்பதே இன்றைக்குத்தானே தெரிகிறது.

இன்றைக்குப் பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம், ஏஜென்சிக்காரன் காலையிலும் போன் எடுத்துவிட்டான். கட்டாரில் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. உலகத்தில் வேறு வேலையே இல்லையா? தகப்பன் வினாயகமூர்த்தி வாயைத் திறந்து ஒரு சொல் சொல்வாரா என்று பார்த்தாள், "நீ ஓமெண்டா ஓம்" என்றுவிட்டு வயல் வட்டைக்குப் போய்விட்டார், கெட்டிக்காரன், நாளைக்கு ஏதும் நடந்தால் நீதானே ஓமெண்டாய் என்று இவள் தலையில் போட்டுவிடலாம் அல்லவா. ஏதும் நடந்தால்... சீ, என்ன நினைப்பு இது. ஆனால் நினைக்காமல் எப்படி, குருக்கள்மடத்து மதுரனும் இதே வேலைக்குத்தானே போனான், பெட்டியில்தானே வந்தான். செத்த வீட்டில் பெட்டியைத் திறக்க விடவில்லை, அவனுடைய தாய் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு "இதுக்குள்ள ஆர் இரிக்கா, இதுக்குள்ள ஆர் இரிக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முடக்கில் சறுக்கினானாம். அவ்வளவுதான் சொன்னார்கள். அன்றிலிருந்துதான் கேதீஸ்வரிக்கு இந்தச் சறுக்குதல் என்றால் என்ன என்று தெரிய வேண்டியிருந்தது, ஓடத் தெரிந்தவனை ஏன் ரோடு கைவிடுகிறது? அதனால்தான் நேற்றுச் சொன்னாள், "அங்க ஓடுற மாதிரியே என்ன ஏத்திக்கொண்டு ஓடிக் காட்டு மனே, மறுகா சொல்றன் ஓமோ இல்லையோ எண்டு." சொன்ன வாய்க்கு இப்போது நல்லா வேணும்.

பாலம் முடிந்தது. முதல் முடக்கு வருகிறது, ஐயோ, வருகிறது, வண்டி இடப்பக்கம் சாயத் தொடங்க ரோடு அப்படியே எழும்பி அவளுடைய முகத்துக்கு நேராக வருகிறது, தொங்குகிற கால் தாரில் உரசப் போகிறது, அவளுடைய உடம்பு அவளைக் கேட்காமலே மறுபக்கம் இழுக்கிறது... "அம்மா, எதிர்ப்பக்கம் சாயாதீங்க! நீங்க அங்கால இழுத்தா நான் இன்னும் இஞ்சால சரிக்க வேணும்!" சொல்வது லேசு. நேற்று முற்றத்தில் வண்டியை நிறுத்தி வைத்து எல்லாம் விளங்கப்படுத்தினான், சில்லு எவ்வளவு பெரிசென்றாலும் ரோட்டைத் தொடுவது ஒரு உள்ளங்கை அளவுதானாம், அந்த உள்ளங்கைக்கு ஒரு அளவு பிடிதானாம், முடக்கில் கிறுகித் திரும்பவும் அதே பிடி, நிற்கவும் அதே பிடி, இழுக்கவும் அதே பிடி, கிறுகிக்கொண்டிருக்கிறபோது பிரேக்கையும் அமத்தினால் இரண்டுக்கும் காணாதாம், விட்டுவிடுமாம். உள்ளங்கை அளவு! அந்த அளவிலா என்ட பிள்ளை நிற்கிறான்? "அக்சிலேட்டர முறுக்கிப் பிடிச்ச கைய முடக்குக்குள்ள சடாரெண்டு விடவும் படாதும்மா, விட்டா பாரமெல்லாம் முன்னுக்குப் போயிரும், பின்சில்லு லேசாகிச் சறுக்கும், கொஞ்சமாப் பிடிச்சுக்கொண்டே கிறுகினா வண்டி அப்பிடியே குந்தியிரிக்கும்." பயந்தவன் கை முதலில் செய்வது விடுவதுதானாம், அதுதானாம் விழுத்துவது. அது அவளுக்கு விளங்கியது, பள்ளிக்கூடத்துப் படிப்பால் அல்ல, இடுப்பில் தண்ணிக் குடத்தோடு நடக்கிறவள் சடாரென்று நின்றால் தண்ணி முன்னுக்கு எற்றி மாரெல்லாம் நனையும், நடையை விடாமல் நடந்தால் ஒரு சொட்டும் சிந்தாது, அவ்வளவுதானே. ஆனால் குடம் சிந்தினால் சேலைதான் நனையும்.

இரண்டாவது முடக்கு வலப்பக்கம், இது இன்னும் கெட்டது, இப்போது முதுகுப் பக்கமாக விழுகிற மாதிரி, பிள்ளையாரே, இப்படி மல்லாந்துகொண்டு எந்த மனிசி போவாள், "மெதுவா மனே, மெதுவா!" "மெதுவாத்தாம்மா போறன்." பொய். பொய்யோ? தெரியவில்லை. முகத்தைத் தோளுக்கு மேலால் நீட்டி அவனுடைய வலக்கையைப் பார்த்தாள், மணிக்கட்டு கொஞ்சமாக மடிந்து அப்படியே நிற்கிறது, நடுங்கவில்லை, விடவும் இல்லை, பால் குடிக்கிற காலத்தில் இவளுடைய விரலைப் பிடித்தால் விடாத கை, ஊசி போடுகிற மிஸ் வந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்த கை... இந்தக் கை சரியாகத்தான் இருக்கிறது, அப்படியென்றால் ஓம் என்று சொல்லிவிடலாமோ? மதுரனுடைய கையும் சரியாகத்தானே இருந்திருக்கும். அவனுடைய தாயும் ஒருநாள் ஓம் என்றுதானே சொல்லியிருப்பாள்.

முழங்கையில் ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாவிப் பக்கம் வானம் கரி அப்பினதுபோல் வருகிறது. மாசி மாதத்தில் மழையா, என்ன அநியாயம்... ஐயோ, நெல்! விடியப்புறம் பரப்பிவிட்டு வந்த நெல், வீட்டில் ஒரு குருவியும் இல்லை, மனிசன் வட்டைக்குள், அள்ளிக் கட்ட ஆர் இருக்கிறார்கள்? இரண்டு நாள் காய்ந்த நெல், இன்னும் ஒரு வெயில் போதும் என்று இருந்த நெல், நனைந்தால் முளைக்கும், புழுங்கி நாறும். அவள் மகனின் முதுகில் தட்டினாள், "கெதியா விடு மனே! மழை வருது, நெல் நனையப்போகுது, கெதியா!" இதுவரை மெதுவா மெதுவா என்று உயிரை வாங்கின தாய் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான், சிரித்துக்கொண்டு முறுக்கினான். வேலிக் கம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின, ஹெல்மட் கத்தியது, இன்னொரு துளி, இன்னொன்று, "இன்னும் விடு, இன்னும்!" என்றாள், அவளுக்குப் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை, மூடுகிற படங்கை எங்கே வைத்தேன், சாக்கு எத்தனை கிடக்கு, கூட்டுகிற தும்புத்தடி... வீட்டடி முடக்கு தெரிந்தது. நிழல் விழாத முடக்கு, அதனால்தானே அங்கே காயப்போடுவது, காலையிலிருந்து பின்னேரம் மட்டும் வெயில் நிற்கும், கார்ப்பெட் ரோட்டுச் சூடு அடியிலிருந்தும் ஏறும், ஊரெல்லாம் அங்கேதான் காயப்போடும்...

அங்கேதான். ரோட்டில்தான். முடக்கில்தான்.

அப்போதுதான் அது அவளுக்கு விளங்கியது. ரோட்டின் இடப்பாதி முழுக்கப் பொன் நிறத்தில் நெல், விளிம்பிலிருந்து சிதறி நடுக்கோடு மட்டும் மணி மணியாக, எதிரே வைக்கோல் ஏற்றின உழவு மெசின் வலப்பாதியை அடைத்துக்கொண்டு வருகிறது, வண்டி ஏற்கெனவே இடப்பக்கம் சாய்ந்துவிட்டது, மகனின் தோள் ஒரு கணம் கல்லானது, அவனும் கண்டுவிட்டான். என்ட கடவுளே, உள்ளங்கை அளவு பிடி, அதற்குக் கீழே நெல்மணி, நான் போட்ட நெல், நான்தானே கூட்டிப் பரப்பி, காலால் வரி வரியாகக் கிண்டிவிட்டு வந்தேன், ஒரு வேப்பங்கொப்பும் முறித்து வைத்தேன், அது நெல்லுக்குக் காவல், வாகனம் ஏறி நெல் நசியாமலிருக்க, விழுகிறவனை நினைத்தா வைத்தேன்... அவளுடைய வலக்கை எழும்பிவிட்டது, அவனுடைய கையைப் பிடித்து இழுக்க, நிறுத்து நிறுத்து என்று இழுக்க, எழும்பின கையை அவள் எப்படித்தான் மடக்கினாளோ, அவனுடைய இடுப்புச் சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள், எதிர்ப்பக்கம் இழுக்கிற உடம்பை அவனோடு விட்டாள், விழுந்தால் இரண்டு பேரும், சரி, இரண்டு பேரும். அவன் வண்டியைக் கொஞ்சம் நிமிர்த்தினான், பிரேக் பிடிக்கவில்லை, இஞ்சின் சத்தம் கூடவும் இல்லை குறையவும் இல்லை, ஒரே சத்தம், அந்தச் சத்தத்தை அவள் பிடித்துக்கொண்டு கிடந்தாள், சில்லுக்கடியில் நெல் சரசரத்தது, இருக்கைக்குக் கீழே பின்சில்லு அங்கால் நழுவியது, போயிற்று, போயிற்று என்று நினைக்க ஒரு உதறு உதறிப் பிடித்துக்கொண்டது. உழவு மெசினின் வைக்கோல் அவன் தோளில் உரசிப் போனது. அதற்குப் பிறகு வெறும் ரோடு.

நேரான இடத்தில் நிறுத்தினான். ஹெல்மட்டைக் கழற்றினான், முகம் வெளிறிக் கிடந்தது, கொஞ்ச நேரம் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பிறகுதான் கோபம் வந்தது, காலையில் மற்றப் பாதியால் போனவன் இந்தப் பாதியைக் கவனித்திருக்கவில்லை. "ஆர்ர நெல்லும்மா இது? அறிவில்லாமல் முடக்குக்குள்ள, நடு ரோட்டு மட்டும்..."

"நம்மட" என்றாள் கேதீஸ்வரி.

அவன் அவளைப் பார்த்தான், நெல்லைப் பார்த்தான், வேப்பங்கொப்பைப் பார்த்தான், சிரிப்பு வந்துவிட்டது பாவிப் பயலுக்கு, "நீங்களே பரப்பிப்போட்டு, கெதியா விடு எண்டு நீங்களே..." "சிரிக்காத, அடிப்பன்" என்றாள், அழுகையாக வந்தது சொல். ஓடிப்போய்ச் சாக்கும் தும்புத்தடியும் எடுத்து வந்தாள், நடுக்கோட்டுப் பக்கமிருந்து உள்ளுக்கு உள்ளுக்குக் கூட்டினாள், நனைகிற பக்கத்தை அல்ல, நடுக்கோட்டுப் பக்கத்தை, அவன் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். துளிகள் பெருகவில்லை, வாவிக்கு மேலேயே நின்று யோசித்தன. கட்டார் ரோடுகள் நல்ல ரோடுகளாம், கண்ணாடி மாதிரியாம், அப்படித்தான் மதுரனுக்கும் சொல்லியிருப்பார்கள், அங்கேயும் முடக்கு இருக்கும், அங்கேயும் காற்றுக்கு மணல் வரும், ஆராவது எதையாவது கொட்டிவிட்டு உள்ளே போயிருப்பார்கள், கெட்ட மனிசராக இருக்க மாட்டார்கள், இவளைப்போல வீட்டுவேலை பார்க்கிற மனிசராகத்தான் இருப்பார்கள்... "அம்மா" என்றான் லக்ஷன், மெதுவாக, "ஏஜென்சிக்காரனுக்கு என்ன சொல்ல?"

பதில் சொல்லத்தான் நிமிர்ந்தாள். அதற்குள் முடக்குக்கு அங்காலிருந்து இன்னொரு மோட்டார் சைக்கிளின் சத்தம், வேகமாக, ஆர் பெத்த பிள்ளையோ, கூட்டாத நெல் இன்னும் பாதி கிடக்கிறது, அவள் தும்புத்தடியை எறிந்துவிட்டு முடக்கு வாய்க்கு ஓடி இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினாள். ஒரு இளந்தாரி, அவளைக் கண்டு திடுக்கிட்டான், சத்தம் சடாரென்று அறுந்தது, விட்டுவிட்டான், கையை விட்டுவிட்டான், அவளுக்கு அது காதால் விளங்கியது, வண்டி நெளிந்தது, "கைய விடாத!" என்று கத்தினாள், "கைய விடாத மனே!" சத்தம் திரும்பி வந்தது, மெல்லிய நூலாக, அவன் நெல்லின் ஓரத்தால் ஆடி ஆடித் தப்பி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான்.

அவள் கைகளை இறக்கினாள். பின்னால் லக்ஷன் சாக்கை விட்டுவிட்டு எழும்பி நின்றான். சிரிப்பு இல்லை. "ஆருக்கம்மா சொன்னீங்க?" என்று கேட்டான். போனவனைக் காட்டத்தான் கையை எடுத்தாள், கை பாதியில் நின்றது, ஆருக்குச் சொன்னேன் என்று அவளுக்கே தெரியவில்லை. இடுப்பில் பிடித்துச் சுருட்டின இடத்தில் அவனுடைய சட்டை இன்னும் கசங்கித்தான் இருந்தது.