கீரி மிதித்த சங்கிலி

பதிப்பகத்தில் நீரஜா படத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். லிசா வரைந்த கடைசிப் படம். இரண்டு பக்கம் முழுக்க வருவது.

"தப்பா எடுத்துக்காதீங்க ஷெல்டன். சரிபார்க்கிறவர் ஒரு தப்பு கண்டுபிடிச்சிருக்கார்."

என்ன தப்பு என்று எனக்குத் தெரியும். நான்கு மாதமாகத் தெரியும்.

கதை நான் எழுதியது. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். 1802இல் பரங்கிமலைக்குத் தெற்கே, நிலத்தை அளந்து வரைபடம் போடுவதற்காக ஒரு நேர்க்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். அளந்தவர்களின் கூடாரத்தில் ஒரு கீரி புகுந்துகொள்கிறது. கோட்டோடு கோடாக ஓடுகிறது, பாம்பைத் துரத்துகிறது, மழையில் மாட்டிக்கொள்கிறது. பிள்ளைகளுக்கான புத்தகம். படம் என் மனைவி லிசா. எங்கள் ஆதம்பாக்கம் வீட்டு மாடியில் நின்றால் மலை தெரியும். அங்கே உட்கார்ந்துதான் பாதிப் படங்களை வரைந்தாள்.

வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் வைத்து, பக்கத்தில் வெப்பமானியும் வைத்து அளந்தார்கள். லிசாவின் படத்தில் உச்சி வெயில். சங்கிலி மண்ணில் கிடக்கிறது. கீரி அதன்மேல் முன்கால்களை வைத்து மோந்து பார்க்கிறது.

"லிசா இவ்வளவு கவனமா இருப்பாங்களே, இதுல மட்டும் எப்படி..." என்றார் நீரஜா.

"அவ தப்பு இல்ல. நான் முதல்ல தரைன்னுதான் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் படிச்சுட்டு மாத்தி உங்களுக்கு அனுப்பினேன். அவகிட்ட சொல்லல."

"ஏன்?"

அதற்குள் அவள் வரைந்து முடித்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், சாப்பாடு வைக்கும் பலகைமேல், பதினோரு நாள். தாளைத் தூக்கிக் காட்டி, "எல்லாம் சரியா இருக்கா?" என்றாள். இருக்கு என்றேன். இதை நான் நீரஜாவிடம் சொல்லவில்லை. "முடியல," என்று மட்டும் சொன்னேன்.

நீரஜா படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கீழே லஸ் பக்கம் போகும் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"அப்படியே விட்டுடலாம்," என்றார். "பசங்களுக்கு எங்க தெரியப்போகுது? இல்லன்னா எங்க டிசைனர் அஸ்வத் கம்ப்யூட்டர்ல மேலே பெட்டி வரைஞ்சிடுவார். நீங்க சொல்றதுதான்."

விட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவள் கை பட்டது இதற்குப் பிறகு எதுவும் இல்லை. ஆனால் முதல் படத்துக்கு அவள் நான்கு கீரிகளைக் கிழித்துப் போட்டவள். ஒன்று வால் சரியில்லை என்று. ஒன்று, "மூஞ்சி உங்க அல்போன்ஸ் சித்தப்பா மாதிரியே இருக்குடா, பாவம் பாம்பு," என்று.

"வரையச் சொல்லுங்க," என்றேன்.

அஸ்வத் பக்கத்து அறையில் இருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். லிசாவிடம் இரண்டொரு முறை பேசியிருக்கிறார். நான் வந்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன்.

திரையில் பெட்டி வந்தது. சங்கிலி உள்ளே போனது. கூடவே கீரியின் முன்கால்களும் மறைந்துவிட்டன.

"காலைப் புதுசா போடணும் சார். பெட்டி விளிம்பைப் பிடிச்ச மாதிரி. போடட்டுமா?"

"போடுங்க."

"எத்தனை விரல் சார், நாலா?"

"அஞ்சு. அஞ்சாவது சின்னது."

அவர் லிசாவின் மற்ற படங்களைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தார். முக்கால் மணி நேரம் ஆனது. நாற்காலியில் எனக்குக் கண் சொக்கியது. நீரஜா டீ கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போனது.

"சார், பாருங்க."

பார்த்தேன். நல்ல கைதான். ஆனால் அவளுடையது இல்லை. நீரஜா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரமாதம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். வேளச்சேரி ரயிலைப் பிடித்திருக்கலாம்.

"இடது கால் தடிமனா இருக்கு," என்றேன். "நாய்க்குட்டி கால் மாதிரி."

அஸ்வத் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வருத்தப்பட்டவர் போல என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தக் காலை அழித்தார்.

நான் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.