குடும்பத்தோடு எடை போட்ட வண்டி

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வண்டியை விட்டு இறங்கியவருக்கு இடம் இல்லை. தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினாலும் சரி, வாந்தி எடுக்க இறங்கினாலும் சரி, திரும்பி வரும்போது அந்த ஜன்னலோரத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அதற்காக யாரும் சண்டை போடுவதில்லை. இறங்கியது அவர் தப்பு. பெரியம்மாவுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது, மருத்துவமனை வாசலில் இறங்க மாட்டேன் என்று சொல்லி, நர்ஸை வெளியே வரவழைத்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்.

அத்தான் ஷாக் அப்சார்பர் வாங்கிய கதைக்கு இந்தச் சட்டம்தான் அஸ்திவாரம்.

அத்தானிடம், அதாவது என் அக்கா கணவரிடம், நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்று இருந்தது. வேலை என்று எதுவும் இருக்கவில்லை. அப்பா குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிறார். க்ளோசெட், வாஷ்பேசின், குழாய். ஒருநாள் அவர் அத்தானைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னார்.

"மாப்பிள்ளை, மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள வண்டிக்கு ஒரு வேலை கிடைச்சா சந்தோஷம். இல்லைன்னா வித்துட்டு நம்ம கடையில வந்து உக்காருங்க."

அத்தான் முகம் வெளிறிப்போனது. அந்தக் கடையை எனக்குத் தெரியும். கல்லூரியைப் பாதியில் விட்ட பிறகு கொஞ்ச காலம் அங்கே நின்றேன். க்ளோசெட் வாங்க வருகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள். உட்கார்ந்தபடியே என் முகத்தைப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அதற்கு ஒரு மனிதனால் என்ன பதில் சொல்ல முடியும்? லாரிகளை எடை போடும் எடைமேடையில் இரவு ஷிஃப்டுக்கு ஓடிவிட்டேன். லாரி எதுவும் கேட்காது.

அத்தான் கடைக்குப் போனால் எனக்கு நல்லது. போகாவிட்டால் அப்பாவின் பார்வை மறுபடி என் பக்கம் திரும்பும். ஆகவே அவர் தோற்கவேண்டும் என்றுதான் விரும்பினேன். அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. செய்யவேண்டிய அவசியமே வரவில்லை.

வேலை ஒன்று இருக்கத்தான் செய்தது. மலைமேல் அணை கட்ட நிலம் அளக்கும் முகாம். பாதை முழுக்கப் பாறையும் பள்ளமும். முகாமின் தலைமை இன்ஜினியருக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகியிருந்தது. அதற்கு முன் வாடகைக்கு வந்த வண்டிகளில் போய்விட்டு, ஒவ்வொரு தடவையும் படுக்கையில் விழுந்திருக்கிறார். அவர் முதுகு எந்த வண்டியில் தப்பிக்கிறதோ அந்த வண்டிக்கு வேலை. தரகர் சொன்ன தகவல்: டிரைவரோடு சேர்த்து அஞ்சு பேர் போவார்கள்.

அன்றிலிருந்து அத்தான், வண்டியின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். ஃபோனில் வீடியோ பார்ப்பார். பார்த்ததை எங்களுக்கு எடுத்துச் சொல்வார். சாப்பிடும்போது கரண்டியின் நுனியைத் தட்டில் அழுத்தி, சட்டென்று விடுவார். குழம்பு அக்காமேல் தெறிக்கும்.

"பாத்தியா? அமுங்குறது பெரிசில்ல. திரும்பி எழும்புறப்போ அதை அடக்கணும். அதுதான் ஷாக்கோட வேலை."

"நீங்க காலையில எழும்புங்க முதல்ல," என்றாள் அக்கா. "உங்களை யாரும் அடக்க மாட்டாங்க."

பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஒரு சுவர் முழுக்க ஷாக் அப்சார்பர் தொங்கியது. சிவப்பு, மஞ்சள், நீலம். எண்ணெய் மட்டும் உள்ளது, கேஸ் அடைத்தது, பக்கத்தில் தனியாக ஒரு சின்ன டேங்க் ஒட்டிக்கொண்டிருப்பது. கடைக்காரர் பல்குச்சியை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்தியபடி நின்றார். அத்தான் வீடியோவில் கேட்ட எல்லாவற்றையும் ஒப்பித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"அதெல்லாம் சரி. வண்டியில எவ்வளவு பாரம் ஏத்துவீங்க? அதைச் சொல்லுங்க. வெத்து வண்டிக்கு ஒண்ணு, நடுத்தரத்துக்கு ஒண்ணு, எப்பவும் முழுப் பாரத்தோட ஓடுற வண்டிக்கு ஒண்ணு. ஸ்பிரிங்கும் அதுக்கேத்த மாதிரி மாறும்."

"எல்லாத்துக்கும் ஒத்து வர்றது இல்லையா?"

"திருகு வெச்சது இருக்கு. வேணுங்கிறப்போ இறுக்கலாம், தளர்த்தலாம்." எடுத்துக் காட்டினார். கறுப்பு நிறம்.

அத்தான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சள்ல இல்லையா?"

"இல்ல."

"கறுப்பு அடியில தெரியாதே."

"அடியில படுத்துக்கிட்டு யாருங்க பாக்கப்போறா?"

அத்தான் கறுப்பைத் திருப்பிக் கொடுத்தார். மஞ்சள்தான் என்று முடிவாகிவிட்டது. வண்டியை எடை போட்டுக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார் கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை, நான் ஷிஃப்டுக்கு வந்து உட்கார்ந்த நேரம், ஜீப் எடைமேடைமேல் ஏறி நின்றது. எல்லோரும் ஃபிரிட்ஜ் பார்க்கப் போகிற வழி. முன்னால் அப்பா. பின்னால் ஒரு ஜன்னலில் அம்மா, மறு ஜன்னலில் பெரியம்மா, நடுவில் நசுங்கிய அக்கா.

"எல்லாரும் இறங்குங்க. வண்டியை மட்டும் போடணும்," என்றேன்.

யாரும் அசையவில்லை.

"நீ பட்டனை அழுத்துடா," என்றார் அப்பா. "அதுக்கு நாங்க எதுக்கு இறங்கணும்?"

"இறங்கினா இவ இந்தப் பக்கம் நகர்ந்துடுவா," என்று அம்மா அக்காவைக் காட்டினாள். "நடுவுல உக்காந்தா எனக்கு முழங்கால் மடங்காது."

பெரியம்மா வெளியே எரிந்த சிவப்பு எண்களைச் சந்தேகத்தோடு பார்த்தார். "ஏன்டா, தனித்தனியா காட்டுமா இது?"

"மொத்தமாத்தான் பெரியம்மா."

"அப்ப சரி. போடு."

அத்தான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "இருக்கட்டும் மச்சான். மலைக்கும் அஞ்சு பேர்தான் போறாங்க. இங்கயும் அஞ்சு பேர். இதை விடச் சரியான கணக்கு கிடைக்காது."

யோசித்தால் அதில் தப்பே இல்லை. ஆனால் சராசரி மனிதர்கள் அஞ்சு பேரும் எங்கள் வீட்டு அஞ்சு பேரும் ஒன்றல்ல. பட்டனை அழுத்தினேன். வந்த எண்ணைப் பார்த்து, முந்தின லாரியுடையது அழியாமல் நிற்கிறதோ என்று மறுபடி அழுத்தினேன். அதே எண்தான்.

முழுப் பாரத்துக்கான மஞ்சள் ஷாக்கும் தடித்த ஸ்பிரிங்கும் ஏறின. ஜீப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அத்தான் தரையில் படுத்து, அடியிலிருந்து நிறைய ஃபோட்டோ எடுத்தார். மறுநாள் காலையில் அப்பாவைக் கடையில் விடப் போனார். அவர்கள் இருவர் மட்டும்.

தெருமுனை வேகத்தடையில் ஜீப் ஆட்டுக்குட்டி போலத் துள்ளியது. அப்பாவின் மூக்குக்கண்ணாடி வெளியே போய் விழுந்தது. தலை கூரையில் இடித்தது.

"புதுசுதானே மாமா. செட் ஆகணும்."

"எது? என் கழுத்தா?"

அப்பா மீதி வழியை நடந்தே போனார். கடையில் அத்தானுக்கு ஒரு நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொன்னதாகக் கேள்வி.

அன்றைக்கே தரகர் ஃபோன் செய்தார். மற்ற மூன்று பேரும் மலையிலேயே தங்கிவிட்டார்களாம். இன்ஜினியர் ஒருவரைத்தான் தினமும் ஏற்றி இறக்கவேண்டும். மறுநாளே சோதனை ஓட்டமாம்.

அத்தான் ஷாக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் பல்குச்சியை நகர்த்தினார். "மாட்டி ஓட்டினதைத் திருப்பி எடுக்க முடியாதுங்க. திருகு வெச்சது வேணாம்னது நீங்கதான்." பிறகு, கொஞ்சம் இரக்கப்பட்டது போல, "பாரம் ஏத்திப் பாருங்க. பூவா போகும்," என்றார்.

பூவாகத்தான் போனது. அன்று மாலை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தார் அத்தான். அதே வேகத்தடையில் ஜீப் மெல்ல அமுங்கி, மெல்ல எழுந்து, சத்தமில்லாமல் இறங்கியது. பெரியம்மா தூங்கிப்போனார். அத்தான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு எல்லாரும் மலைக்குப் போலாமா? காத்து நல்லா இருக்கும்."

"எனக்குக் கடை இருக்கு," என்றார் அப்பா.

"முன் சீட்டு உங்களுக்குத்தான் மாமா."

அப்பா யோசித்தார். "மதியத்துக்குள்ள வந்துடணும்."

அக்கா மட்டும் வரவில்லை. இன்ஜினியருக்கு ஓர் இடம் வேண்டும் என்பதால் அத்தானே அவளைக் கழற்றிவிட்டார். அவள் எடையும் இன்ஜினியர் எடையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். அதை அவளிடமே சொன்னார். மூன்று நாள் அவருக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை. நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, பின்பக்கம் சாமான் வைக்கும் இடத்தில் மடங்கி உட்கார்ந்து போனேன். அவர் தோற்பதை நேரில் பார்க்கவேண்டும் என்று இருந்தது.

அடிவாரத்தில், இடுப்பில் பெல்ட் கட்டிய ஒல்லியான இன்ஜினியர் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, அத்தானைப் பார்த்தார்.

"யாருங்க இவங்கெல்லாம்?"

"எங்க வீட்டுக்காரங்க சார். மலை பாத்ததில்லையாம்."

"எனக்கு ஜன்னலோரம் வேணும். முதுகு."

அம்மா வெளியே வேடிக்கை பார்த்தாள். பெரியம்மா, "எனக்கும் முதுகு இருக்கு தம்பி," என்றார். அப்பா திரும்பவே இல்லை. இன்ஜினியர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பலன் கிடையாது. கடைசியில் அவரே பெரியம்மாவின் காலைத் தாண்டி ஏறி நடுவில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் இறுகியது. பெல்ட்டே தேவையில்லாமல் போயிற்று.

பாதை மோசமாகத்தான் இருந்தது. ஒரு பள்ளத்தில் சக்கரம் முழுதாக மறைந்தது. ஜீப் உள்ளே போய், மூச்சு விட்டது போல எழுந்து வந்தது. பக்கவாட்டில் சாய்ந்தபோது இன்ஜினியர் அம்மாமேல் சாய்ந்தார், பிறகு பெரியம்மாமேல். இரண்டும் நல்ல மெத்தை. பாதி மலையில் அவர் தலை பெரியம்மா தோளில் விழுந்தது. குறட்டை கேட்டது. அத்தான் கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. புகை என்றார். புகை எதுவும் இல்லை.

முகாமில் எழுந்த இன்ஜினியர் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"நாளையிலிருந்து வாங்க," என்றார். "ஆனா வண்டி மட்டும்."

அத்தான் முகம் மறுபடி வெளிறியது. அப்பா அதைப் பார்த்தார். வியாபாரி மூளை. வீடு திரும்பி வாசலில் வண்டி நின்ற பிறகு சொன்னார்.

"மாப்பிள்ளை, வெளிர்பச்சைக் கலர் க்ளோசெட் ஒரு லாட் வாங்கி ஏமாந்தேன். ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்க. பாரம்தானே வேணும்? ஏத்திக்கங்க. கதவுல நம்ம கடை பேரை மட்டும் எழுதிக்கறேன்."

அன்று மாலை எடைமேடைமேல் பழைய எண் வரும்வரை க்ளோசெட்டுகளை ஏற்றினோம். அப்பாவுக்கு மூன்று. அம்மாவுக்கு மூன்று. பெரியம்மாவுக்கு எத்தனை என்று சொல்லமாட்டேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

வண்டி பூவாகப் போனது. ஆனால் வாரம் முடிவதற்குள் இன்ஜினியர் குறை சொன்னார். "குலுங்கல. ஆனா ரெண்டு பக்கமும் பிடிப்பு இல்ல. அன்னைக்கு வந்த அம்மா வீட்டுல சும்மாத்தான இருக்காங்க?"

பெரியம்மா இரண்டே கேள்வி கேட்டார். ஜன்னலோரமா? இறங்கச் சொல்வார்களா? இப்போது தினமும் போகிறார். அவருக்குரிய க்ளோசெட்டுகளை அத்தான் காலையில் இறக்கிவைத்துவிட்டுப் போகிறார்.

முகாமில் கழிப்பறை என்று இருந்தது நாலு தகரம். வண்டியில் இருந்த க்ளோசெட்டைச் சமையல்காரர் முதலில் பார்த்து, விலை கேட்டு வாங்கினார். ஒன்றை விற்றால் ஜீப் லேசாகத் துள்ளும். அதனால் அத்தான் ஒன்று விற்றால் கடைக்கு வந்து ஒன்று ஏற்றுகிறார். பச்சை தீர்ந்து, வெள்ளைக்கு வந்துவிட்டார். ஜீப்பை விற்காமல், கடையில் உட்காராமல், ஒரு நாள்விட்டு ஒரு நாள் கடையில்தான் நிற்கிறார்.

போன வாரம், மலையிலிருந்து திரும்பும் வழியில், எடைமேடை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். மெதுவாக மூடும் மூடி வைத்த புது மாடலை விளக்கிக்கொண்டிருந்தார்.

"கீலுக்குள்ள ஒரு குட்டி ஷாக் அப்சார்பர் இருக்கு சார். மூடுறது பெரிசில்ல. மூடுறப்போ அதை அடக்கணும்."

பேச்சை முடித்து என்னைப் பார்த்தார். "மூடி மஞ்சள்ல வருமான்னு கேக்கறார் மச்சான். ரசனையான ஆளு."

வண்டியிலிருந்து பெரியம்மா சத்தம் போட்டார், பசிக்கிறது, ஏதாவது வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுங்கள் என்று. அத்தான் டிரைவர் சீட்டை விட்டு இறங்கி நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். அதில் இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார்.