ஃபேனுக்குள் துணி

விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறவரிடம் தூசியும் தும்புமாகக் கொடுக்க வேண்டாமே என்றுதான் கலைமணி அந்தப் பழைய கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். கையில் எடுத்த தூசி ஊதும் பிளோயரை ஓட்டவே இல்லை. கிராபிக்ஸ் கார்டின் இரண்டு ஃபேன்களுக்குள்ளும் என்னவோ அடைத்துக்கொண்டிருந்தது. ஒட்டடை என்று நினைத்து விரலை விட்டு இழுத்தாள். நீளமாக வந்தது. பனியன் துணி. ஓரமெல்லாம் சூட்டில் பழுப்பேறி, கருகலும் வியர்வையும் கலந்த ஒரு நாற்றத்தோடு வந்தது. மடிப்பில் நீல மைக்கறை. போன மாதம் அவளே சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத கறை அது. அவள் புருஷன் மாதவராஜின் பனியன்.

துணியைத் தரையில் போட்டாள்.

அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், ஒற்றை அறைக் கடை. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, நிறம் சரிசெய்து, பாட்டுப் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். தருமபுரி மண்டபங்களிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் போட்டோகிராபர்கள் மெமரி கார்டோடு படியேறி வருவார்கள். உரக்கடையில் வேலை பார்க்கும் மாதவராஜுக்குக் கொஞ்ச நாளாகவே அந்தப் படி உறுத்தியது. வருகிறவர்கள் எல்லாம் ஆம்பளைகள் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டான். “வூட்லயே ஒக்காந்து செய்யலாமில்ல, ஒடம்பு நோவாம” என்பான். வீட்டிலிருந்தால் யாரும் வேலை கொண்டு வர மாட்டார்கள் என்பாள் அவள். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

அப்புறம்தான் லேப்டாப் வந்தது. புத்தம் புதுசு, மெலிசு. உள்ளேயிருக்கும் கிராபிக்ஸ் கார்டு இந்த வருஷத்தது என்று பெட்டிமேலேயே பளபளவென்று ஒட்டியிருந்தது. கலைமணியின் கம்ப்யூட்டரில் இருப்பதோ எட்டு வருஷத்துக் கார்டு. செங்கல் கனம். “ரெண்டுலயும் ஒரே வீடியோவ ஓட்டிப் பாரு. புதுசு ஜெயிச்சா கடைய விட்டுட்டு வூட்லயே செய்யி. தோத்துச்சுன்னா நான் வாயத் தொறக்கல” என்றான். அந்தப் பேச்சு அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் தங்கச்சி சோபனாவையும் கடைக்குக் கூட்டிவந்தான். புதுச் சாமானுக்குப் பூஜை போட வேண்டும், பூவும் கற்பூரமும் வாங்கி வா என்று கலைமணியை அனுப்பினான். அவள் வாங்கி வந்து, லேப்டாப் மூடிமேல் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு இரண்டிலும் ஒரே முகூர்த்த வீடியோவை ஓட்டினார்கள். லேப்டாப் முடித்துவிட்டது. பழையது பாதியில் நொண்டியடித்து, சூடேறித் திணறிக்கொண்டிருந்தது. கருகல் வாடை வந்ததும் அவள் மூக்கைச் சுளித்தாள். “பழசுன்னா அப்பிடித்தான் நாறும்” என்றான் மாதவராஜ். சோபனா கை தட்டினாள். கலைமணி அன்று சாயங்காலமே கடைக்குச் சொந்தக்காரம்மா குள்ளம்மாளுக்குப் போன் போட்டு, மாசக் கடைசியில் காலி செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள். கூட உழைத்த சாமான் கண்ணெதிரே செத்ததைப்போல இருந்தது அவளுக்கு. பிறகு அதைத் தொடவே மனசு வரவில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையை அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவள் பூக்காரியிடம் முழம் போடச் சொல்லி நின்ற நேரத்தில் இவன் இங்கே உட்கார்ந்து பனியனைக் கிழித்திருக்கிறான். பக்கத்தில் சோபனா நின்றிருக்கிறாள். பூவோடு திரும்பி வந்து, கும்பிட்டு முடித்து, கலைமணி இரண்டு பேருக்கும் திருநீறு நீட்டினாள். நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார்களே.

ஃபேன்களைச் சுத்தம் செய்து விரலால் தட்டிவிட்டாள். லேசாகச் சுழன்றன. லேப்டாப்பும் கடையில்தான் இருந்தது. இரண்டையும் மறுபடி ஓட்டினாள். முதலில் லேப்டாப்தான் முந்தியது. அவளே அசந்துபோனாள். அப்புறம் அந்த மெலிசு உடம்புக்குள் சூடு ஏறியது. அதன் ஃபேன் வீலென்று கத்தியது, லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. பழையது கத்தவில்லை. ஒரே சீராகப் போய் முதலில் முடித்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இருக்காது. எட்டு வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவில் இவ்வளவுதான். இதை நேராகக் காட்டியிருந்தால், தூக்கிப் போக வசதி என்று அவளே லேப்டாப்புக்குச் சம்மதித்திருப்பாள். அதை நினைத்தபோதுதான் தரையில் கிடந்த துணியைக் காலால் தள்ளிவிட்டாள்.

கீழே குட்டி யானை சரக்கு வண்டி வந்து நின்றது. கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு போக மாதவராஜும் சோபனாவும் படியேறி வந்தார்கள். தரையில் கிடந்த துணியை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

“என்னாங்க இது?” என்றாள் கலைமணி.

“தூசி போவக் கூடாதுன்னு வெச்சிருப்பன்” என்றவன், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். திருட்டுத்தனமாகத் தின்று மாட்டிக்கொண்ட சிரிப்பு. “சரி, வெச்சன்னே வெச்சிக்க. நான் சொன்னா நீ கேக்கற ஆளா? கண்ணால பாத்தாத்தான ஒத்துக்குவ.”

“அண்ணனுக்கு உங்க மேல அவ்ளோ ஆசைங்க அண்ணி. வூட்ல உங்கள ராணி மாதிரி வெச்சிக்கணும்னுதான்…” என்று ஆரம்பித்தாள் சோபனா.

அவன் இன்னும் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். அந்த உதடு, அந்தப் பல், முந்தின நாள் கூட அவள் தட்டில் போட்ட கறியை ருசித்துச் சாப்பிட்ட வாய். அவன் ஓரடி கிட்டே வந்து அவள் தோளில் கை வைத்தான். பல்லியொன்று மேலே விழுந்ததைப்போல அவள் தோளை உதறிக்கொண்டாள்.

“கைய எடு” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் ‘ங்க’ போடாமல் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. சோபனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் சிரிப்பு அப்போதுதான் நின்றது. “ஒரு துணிக்குப் போயி இந்த ஆட்டமா?” என்றான்.

கலைமணி லேப்டாப்பைப் பெட்டிக்குள் வைத்து அவன் கையில் கொடுத்தாள். குள்ளம்மாளுக்குப் போன் போட்டாள்.

“கட விட்றதுக்கு ஆள் பாத்துட்டீங்களாம்மா? நான் போவலீங்க.”

“தையக்காரப் பொண்ணு ஒண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டனே சாமி” என்றது அந்தப் பக்கத்துக் குரல். பிறகு குரல் தணிந்தது. “அழுவறியா என்னா? சாயங்காலம் வா. பேசலாம்.”

“அழுவலீங்கம்மா” என்றாள் கலைமணி. உண்மையில் அழவில்லை.

திரும்பிப் பார்த்தபோது இருவரும் கம்ப்யூட்டரைத் தொடாமல் இறங்கிப் போயிருந்தார்கள். ஜன்னலருகே போய் நின்றாள். வண்டி பாதி ரோட்டை அடைத்து நின்றதில், திருவண்ணாமலை பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மாதவராஜ் அந்த ஒற்றை லேப்டாப் பெட்டியை வண்டியின் பின்பக்கத் தகரத்தில் வீசாத குறையாக வைத்துவிட்டு, மேலே பார்க்காமல் முன்னால் ஏறி உட்கார்ந்தான். வண்டி வளைந்து திரும்பியது. காலியான அந்த அகலத் தகரத்தின்மேல் பெட்டி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சறுக்கிப்போய் மோதியது, மறுபடி இந்த ஓரத்துக்கு வந்தது.