அரைநொடி முந்திய நிழல்

ஊர்க் கால்பந்து அணி முதல் பிரிவுக்கு ஏறிய இரண்டாவது வருடம், முதல் ஆட்டத்திலேயே, இடது ஓரத்தில் விளையாடும் அரைநொடியின் நிழல் அவனைவிட அரை நொடி முன்னதாக ஓடத் தொடங்கியது. அன்றைக்குத்தான் டிக்கெட் விலையும் ஏறியிருந்ததால் ஜனங்கள் அதைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தார்கள். நிழலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிரணியின் தடுப்பாட்டக்காரன் மட்டும் எடுத்துக்கொண்டான். நிழல் வலப்பக்கம் சாய்வதைப் பார்த்தான், தானும் சாய்ந்தான், அரைநொடி வந்து சேர்ந்ததும் கடையில் பொட்டலம் வாங்குகிறவன் மாதிரி பந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அரைநொடி என்பது ஊர் வைத்த பெயர். டயர்க் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன். பந்தோடு ஓடிவந்து, திரும்புவதற்கு முன்னால் அரை நொடி சும்மா நிற்பான். எந்தப் பக்கம் போகப்போகிறான் என்று குழம்பி எதிராளி தன் காலே தன்னைத் தட்ட விழுவான். வேறு வித்தை எதுவும் அவனுக்குத் தெரியாது, தேவையும் படவில்லை. முதல் வருடம் அந்த ஒன்றை வைத்துக்கொண்டே பெரிய பெரிய அணிகளைத் தண்ணி குடிக்க வைத்தான். டிவிக்காரர்கள் ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் தப்பாகவே சொன்னார்கள். அணி ஏழாவதாக வந்தது. ஊருக்குக் கால் தரையில் பாவவில்லை. டயர்க் கடை முதலாளி, அவன் குந்தி வேலை செய்த மூலையில் அவன் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். "இனிமே இந்தக் கடைப் பக்கமே நீ வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். சந்தோஷத்தில் சொன்னதுதான். அரைநொடி அதைச் சபதமாகவே எடுத்துக்கொண்டான். அந்த ரப்பர் நாற்றத்துக்குத் திரும்பக் கூடாது. அதற்கு அணி மேலேயே இருக்க வேண்டும். உலகத்தில் அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நிழல் வியாதி ஜலதோஷம் மாதிரி ஒவ்வொருவராகத் தொற்றியது. மழைக்காலம் முடிவதற்குள் பதினொரு பேரின் நிழல்களும் முந்தத் தொடங்கிவிட்டன. கோல்கீப்பரின் நிழல் இடப்பக்கம் பாயும்; எதிராளி நிதானமாக மறுபக்கம் அடிப்பான். முதல் வருடம் இவர்கள் யாரென்றே தெரியாமல் தோற்றவர்களுக்கு, இப்போது இவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதுவரை தெரிந்தது. கோச் ராத்திரி ஆட்டம் கேட்டு வாங்கினார். நாலு கம்பத்து விளக்கு வெளிச்சத்தில் ஆளுக்கு நாலு நிழல் விழுந்து, நாலும் ஒருமனதாகக் காட்டிக்கொடுத்தன. நிழல் காலடியில் சுருண்டுகொள்ளும் என்று உச்சி வெயிலில் ஆட வைத்தார். மூன்று பேர் மயங்கி விழுந்ததுதான் மிச்சம். மேகம் மூடிய நாட்களில் மட்டும் ஜெயித்தார்கள். ஊரே காலையில் எழுந்ததும் வானத்தை அண்ணாந்து பார்க்கப் பழகிக்கொண்டது. பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் டிவியில் வந்து, இரண்டாம் வருடச் சரிவு என்று ஒன்று கிடையவே கிடையாது, முதல் வருடம் கீழே இறங்காமல் தப்பிய அணிகளில் முக்கால்வாசி மறு வருடமும் தப்பிவிடுகின்றன என்று விளக்கினார். அவர் கணக்கில் பிழை இல்லை. அவருடைய நிழலும் அவருக்குப் பின்னால் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். அரைநொடியின் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், எதற்கும் சட்டென்று பதறமாட்டாள். கதவுக்கு அடியில் நிழல் நுழைந்ததும் தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள். நிழல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டால், "கால் வலியெல்லாம் ஒண்ணுமில்லை" என்று அவன் பொய் சொல்லப்போகிறான் என்று தெரிந்துகொண்டு தைலத்தைத் தேடுவாள். ஐந்தாவது தோல்விக்குப் பிறகு ஒருநாள், சாப்பாட்டு மேசையில் தட்டைத் தட்டிவிட நிழலின் கை ஓங்கியது. அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். அவன் கை வெறும் மேசையில் விழுந்தது. அவமானத்தில் அவனுக்கு முகம் எரிந்தது. நிழல் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் போய் ஏமாற்றிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றான். அந்த நேரம் வந்ததும் கால் நிழலின் பேச்சைத்தான் கேட்டது. நாளாக ஆக இடைவெளியும் கூடிக்கொண்டே போனது. அரை நொடியாக இருந்தது, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் நேரமாகி, ஷூ கயிறு கட்டும் நேரமாகவும் ஆகிவிட்டது.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தே தீர வேண்டும். சமன் ஆனால்கூட அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். "ஜெயிச்சுட்டு வரேன்" என்று வாசலில் அவன் சொன்னபோது நிழல் தெருமுனையைத் தாண்டியிருந்தது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டே போய், முடிகிற நேரத்தில் எதிராளி கையில் பந்து பட்டது. பெனால்டி. மைதானம் குதித்தது, கட்டிப்பிடித்தது, கத்தியது. அரைநொடி பந்தை வெள்ளைப் புள்ளியில் வைத்தான். குனிந்தவன் நிமிர்வதற்குள் நிழல் ஓடிப்போய் இடப்பக்கமாக உதைத்து முடித்து, அப்படியே மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டது.

எல்லோரும் பார்த்தார்கள். சத்தம் அடங்கிப்போனது. எதிரணிக் கோல்கீப்பர் கையுறையைச் சரிசெய்துகொண்டு நிழல் உதைத்த பக்கமாக இரண்டடி நகர்ந்து நின்றான். "டேய், மறுபக்கம் அடிச்சுத் தொலைடா" என்று பின்னாலிருந்து கேப்டன் கெஞ்சினார். மேல் வரிசைகளில் ஆட்கள் எழுந்து பையைத் தோளில் மாட்டினார்கள். பஸ் கிடைக்காதே என்ற கவலை அவர்களுக்கு. விசில் ஊதப்படும் முன்பே படிக்கட்டுகளில் நெரிசல். நடுவர் ஊதினார். காலியாகிக்கொண்டிருந்த மைதானத்தில், முடிவு தெரிந்த ஒரு காரியத்தைச் செய்வதற்காக அரைநொடி ஓடினான். வலப்பக்கம், வலப்பக்கம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினான். கால் இடப்பக்கம் உதைத்தது. பந்து கோல்கீப்பரின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அரைநொடி மண்டியிட்டான். கைக்குட்டை அகலத்துக்கு ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது, வர வேண்டிய நேரத்தில் வராமல்.

வெகுநேரம் கழித்து அவன் தலையைத் தூக்கியபோது காகிதக் கோப்பைகளைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். நீளமான வரிசை ஒன்றில் மனைவி மட்டும் அவனுடைய மாற்றுச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் தடுப்புக் கம்பிவரைக்கும் நடந்துபோனான்.

"எல்லாரும் முன்னாடியே எந்திரிச்சுப் போயிட்டாங்க. நீ ஏன் போகல?"

"நான் என்ன நிழலைப் பார்க்கவா வந்தேன்?" என்றாள். "அவங்க போறப்ப நீங்க இன்னும் உதைக்கவே இல்லையே."

அவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நிழல் எப்போதோ அழுது முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தது.

அணி கீழே இறங்கியது; பாதிப் பேரைக் கழற்றிவிட்டார்கள், அவனையும்தான். டயர்க் கடை முதலாளி நெம்புகோலை எடுத்து நீட்டினார். படத்தை அவர் கழற்றவில்லை. அதற்குக் கீழேயே குந்தி அவன் வேலை செய்தான். ஓட்டை எங்கே என்று அவன் தேடுவதற்கு முன்பே நிழலின் விரல் தொட்டுக் காட்டிவிடும் என்பதால், அவசரக்காரர்கள் அவனிடமே வண்டியை விட்டார்கள். வருடங்கள் போயின. அடுத்தடுத்த ஊர்களின் அணிகள் ஏறின, சில நிலைத்தன, சில இரண்டாவது வருடமே இறங்கின. அவன் டிவியில் பார்ப்பதில்லை. சாயங்காலம் நிழல் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்ததும் மனைவி அடுப்பில் தண்ணீர் வைப்பாள். அவன் வந்து செருப்பைக் கழற்றும்போது டீ சரியான சூட்டில் இருக்கும்.