நாளுக்கு ஓர் அங்குலம் இறங்கிய சிலுவை

கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கும் ஜெபவீட்டின் சிலுவை, பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் நாளுக்கு ஓர் அங்குலம் வீதம் தரைக்குள் இறங்கியது. ஒன்பதடி வேப்பமரச் சிலுவை, சிமெண்டுத் தரையில் நட்டது. முதலில் கரையான் என்றார்கள். மேலூரிலிருந்து வந்த கொத்தனார் தரையைத் தட்டிப் பார்த்து, இரண்டடிக்குக் கீழே முழுப் பாறை, கடப்பாரையே இறங்காத இடத்தில் மரம் எப்படி இறங்கும் என்று கேட்டார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சிலுவை அவர் பேச்சைக் கேட்கவில்லை. குறுக்குச் சட்டம் ஏழடி உயரத்தில் இருந்ததால், ஏப்ரல் இரண்டாம் வாரம் அது தரையைத் தொடும் என்று சபையார் கணக்குப் போட்டார்கள். தொட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பாட்டுப் பாடும்போதுகூட எல்லோர் கண்ணும் அந்தச் சட்டத்தின் மேலேயே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சோணைமுத்து கண்மாயில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தான். சாமுவேல் என்று புதுப்பெயர் வைத்தார்கள், ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. அதற்கு முந்தைய நான்கு வருடமாக அவன் எடை கூடிக்கொண்டே போனது. பார்க்க ஒல்லிதான், லாரி நிறுக்கும் எடை மேடையில் ஏறினால் முந்நூற்றுப் பத்து கிலோ காட்டும். டவுன் பஸ்ஸில் அவன் ஏறினால் பின்சக்கரம் அமுங்கும் என்று கண்டக்டர்கள் அவனை நடுவில் நிற்க வைத்தார்கள். அவனைத் தண்ணீரில் முக்கிவிட்டு, இனி எப்படித் தூக்குவது என்று பாஸ்டர் ஆசீர் கலங்கியபோது, காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரி அவனாகவே மிதந்து மேலே வந்தான். மறுநாள் அறுபது கிலோ. நாசரேத் பக்கத்திலிருந்து வந்து பதினொரு வருடமாக அந்த வெயிலில் பிரசங்கம் செய்துகொண்டிருந்த ஆசீர், தன் ஊழியத்தில் கண்ணால் கண்ட முதல் அற்புதம் என்று அழுதுவிட்டார். சிலுவையின் அடியில் தரை விரிசல் விட்டிருப்பதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

எடைக்குக் காரணம் சோணைமுத்துவுக்குத் தெரியும். அவன் கல்குவாரியில் வேட்டு வைக்கிறவன். அங்கே அவன் அடிக்கும் மூன்று விசில்தான் கணக்கு: முதல் விசிலுக்கு வேலையை நிறுத்த வேண்டும், இரண்டாவதுக்கு மேலே ஏற வேண்டும், மூன்றாவதுக்கு அப்புறம்தான் திரியில் தீ. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, மறந்த பொருளை எடுக்க ஓடி இறங்குவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள், இரண்டாவது விசிலை அடித்ததும் அவனுக்குப் போன் வந்தது. பேசி முடித்தபோது மூன்றும் அடித்தாகிவிட்டது என்று நினைத்துத் தீ வைத்தான். கூட வேலை பார்த்த முத்துக்கருப்பன் தூக்குவாளியை எடுக்க இறங்கியிருந்தான். கம்ப்ரசர் சத்தத்தில் விசிலை எண்ணியவர்கள் யாருமில்லை. விசாரணையில் சோணைமுத்து, மூன்றும் அடித்தேன், அவன் குடிபோதையில் கிடந்தான் என்று சொல்லிவிட்டான். தீ வைத்தது வரைக்கும் தவறு, இந்தப் பொய் அயோக்கியத்தனம். முத்துக்கருப்பன் வெற்றிலைகூடப் போடாதவன். ஆனாலும் ஊர் நம்பியது. அவன் மனைவி ரெங்கம்மாளும் நம்பினாள். என்னையும் பிள்ளையையும் நினைக்காமல் குடித்துச் செத்தான் என்று அவன் போட்டோவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். வருடத் திதி கொடுக்கவில்லை.

மாசி மாதம் அவர்கள் மகள் பவதாரிணியைப் பெண் கேட்டு வந்தவர்கள், அப்பனைப் பற்றி விசாரிக்க டீக்கடையில் சோணைமுத்துவைப் பிடித்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வேளை வாய்த்திருக்காது. அவனோ ஜெயிலை நினைத்தான், வாய் பழகிய வழியே போனது. சம்பந்தம் முறிந்தது. அதே நேரத்தில், ஜெபவீட்டைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்களின் கண்முன்னால் சிலுவை ஒரே மூச்சில் ஒரு சாண் இறங்கியது. திரும்பவும் கணக்குப் போட்டால், சட்டம் தரையைத் தொடும் நாள் பெரிய வெள்ளியாக வந்தது.

அன்று மாலையே அவன் பாஸ்டரிடம் போய், என் பாவத்தின் கனத்தில்தான் சிலுவை இறங்குகிறது என்று நின்றான். என்ன பாவம் என்று ஆசீர் கேட்கவில்லை, கேட்க அவருக்குப் பயமாகவும் இருந்தது. நம் பாரத்தை ஏற்கத்தான் ஆண்டவர் வந்தார், எல்லாம் சிலுவையில் முடிந்தது, நீ விசுவாசித்தால் போதும் என்று சொன்னார். சோணைமுத்து சிலுவையைத் திரும்பிப் பார்த்தான்.

"சரிங்கய்யா. சுமக்குறவருக்கு வலிக்காதா?"

வேதாகமக் கல்லூரியில் ஆசீருக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை. அதற்குப் பின் சோணைமுத்து தினமும் வந்து சிலுவை எதிரே உட்கார்ந்தான். சட்டம் அவன் நெற்றிக்கு வந்தது, மார்புக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. உடம்பு லேசாக இருந்தது, சோறு இறங்கவில்லை.

பெரிய வெள்ளியன்று காலை தரைக்கும் சட்டத்துக்கும் ஒரு விரல் இடைவெளி இருந்தது. சோணைமுத்து ரெங்கம்மாள் வீட்டுக்கு நடந்தான். முற்றத்தில் கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தவள், வாங்கண்ணே என்றாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் கை நிற்கவில்லை. ஆய்ந்த காயை மண்ணிலும் செடியைச் சாக்கிலும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவரு குடிக்கலையா?"

"இல்ல தங்கச்சி. வாளிய எடுக்கத்தான் வந்தான்."

"நாலு வருசமா அம்புட்டுத் திட்டுத் திட்டிருக்கேனே அந்த மனுசன. அதெல்லாம் யாரு மேல போயி விழுந்துச்சு? சொல்லு."

அவள் பேச்சிலிருந்து 'அண்ணே' போய்விட்டது. அவள் உள்ளே போய்ப் போட்டோவைத் திருப்பி வைத்தாள். சிறிது நேரம் பெரிய அழுகைச் சத்தம் கேட்டது. வெளியே வந்து, சபைக்கு முன்னால் சொல்லு, நட என்றாள்.

ஆராதனை நடந்துகொண்டிருந்தது. சோணைமுத்து வாசலிலேயே ஆரம்பித்து, சிலுவை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனான். கனம் எனக்கே திரும்பட்டும் என்று மண்டியிட்டு, மீதியிருந்த இடைவெளியில் விரலை நுழைத்து ஒரு பக்கத்தைத் தாங்கினான். கனம் அவனுக்குத் திரும்பவில்லை. சிலுவை அவன் விரலையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு மயிரிழை மயிரிழையாக இறங்கியது. நகம் கறுத்தது. அவன் கையை எடுக்கவில்லை. அதுவரை ஜெபவீட்டுக்குள் கால் வைத்திராத ரெங்கம்மாள் அந்தச் சிலுவையை மேலும் கீழும் பார்த்தாள்.

"விசில் அடிக்காம விட்டது நீ. திட்டுனது நான். இவரு என்ன செஞ்சாரு, இவரு எதுக்கு மண்ணுக்குள்ள போகணும்?"

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து, மறுபக்கச் சட்டத்தின் அடியில் தன் விரலைக் கொடுத்தாள். சிலுவை நின்றது.

ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை அது எழுந்துவிடும் என்று சுற்றுப்பட்டி சனமெல்லாம் கூடியது. எழவில்லை. ஆளில்லாமல் விட்டால் இறங்கப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கை இருந்தால் நிற்கிறது. அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். யாருக்கு எந்த வேளை என்று எழுதிய தாள், ஜெபக் குறிப்புகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஆசீரின் பெயரும் அதில் உண்டு. கைவலியோடு செய்வதாலோ என்னவோ, அவர் பிரசங்கம் இப்போது சிறிதாகிவிட்டது. சோணைமுத்து மேலூர் காவல் நிலையத்தில் தானே போய் எழுதிக் கொடுத்தான், வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு அவன் போகும் நாட்களில் அவன் முறைக்கு ரெங்கம்மாள் வந்து உட்காருகிறாள். அவள் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அவனோடு பேசுவதுமில்லை. அவனை மன்னித்துவிட்டாயா என்று சபைப் பெண்கள் ஒருமுறை கேட்டார்கள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கனமா இருக்குல்ல" என்றாள் ரெங்கம்மாள்.