சித்திரையில் பன்னிரண்டு நாள்

கடலடித் தரையைப் பற்றிய அறிக்கையைப் கடலே இல்லாத பசுமலையில் உட்கார்ந்து தயாரிக்கிறோம் என்றால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வேலை அப்படித்தான்.

கடல் ஒரு நிமிஷமும் சும்மா இருப்பதில்லை. அலை அடிக்கிற அடியில் அதன் தரை சதா மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கிறது. தரையில் அதிர்வைப் பதியும் இரண்டு பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டிலும் பதிவான இரைச்சலை ஒப்பிட்டால், அதிர்வு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகிறது என்று தெரிந்துவிடும். நேரம் கூடினால் நடுவில் பாறை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேட்டு வைக்க வேண்டியதில்லை, துளை போட வேண்டியதில்லை.

கடலுக்கடியில் பழைய எரிவாயுக் கிணற்றுக்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றும் ஒரு கம்பெனிக்கு இதைச் செய்து தருகிறோம். சித்திரையில் பத்து நாள் அழுத்தத்தைக் கூட்டிச் சோதித்துவிட்டுக் குறைத்தார்கள். பாறை அசையவில்லை என்று நான்தான் அறிக்கை எழுதினேன். அதை நம்பி, வருகிற திங்கட்கிழமை முதல் அதே அழுத்தத்தை நிரந்தரமாக்கப் போகிறார்கள். கிணற்றுக்கு நேர் மேலே எட்டுப் பேரோடு ஒரு படகு நிற்கும். பாறை விட்டுக்கொடுத்தால் அடியில் மிச்சமிருக்கும் வாயு அந்தப் படகுக்குக் கீழேதான் பொங்கும்.

வெள்ளிக்கிழமை காலை வரைபடத்தில் அந்தப் பத்து நாளை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. கடல் அப்படி இருக்காது.

காரணம் நான். கடல் வேலை கிடைப்பதற்கு முன்னால் வைகைக் கரையில் கோச்சடையில் இரண்டு பெட்டிகளைப் புதைத்துப் பழகினோம். சித்திரைத் திருவிழாவில் ஊரே திரண்டு மிதித்த மிதியில் பதிவு உருப்படவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து அடுத்த ஐந்து வருஷத்துக்கும் திருவிழா நாட்கள் பன்னிரண்டையும் தள்ளிவிட்டு, முந்தின நாளையும் பிந்தின நாளையும் ஒரு நேர்கோட்டால் இணைக்கும்படி புரோகிராமில் ஒரு வரி எழுதினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதே புரோகிராமைக் கடலுக்கும் போட்டோம். வரியை எடுக்க மறந்துவிட்டேன். கம்பெனி சோதித்த பத்து நாளும் அந்தப் பன்னிரண்டுக்குள் விழுந்துவிட்டன. அழகர் வைகையில் இறங்குகிறார் என்று கடலை வாய் பொத்தச் சொல்லியிருக்கிறேன்!

வரியை நீக்கி மறுபடி ஓட்டினேன். சோதனை நாட்களில் பாறை தளர்ந்து, அழுத்தம் குறைந்த பிறகு மெல்லத் தேறியிருந்தது.

புது வரைபடத் தாளை எடுத்துக்கொண்டு முதலாளி அனந்தநாராயணனிடம் போனேன். பெரிய படிப்பு படித்தவர். போண்டா தின்றுகொண்டே பார்த்தார்.

"வரியை எடுத்துடு. அடுத்த மாசத்துலேர்ந்து சரியாயிடும். பழசை யார் தோண்டிப் பார்க்கப் போறா?"

"திங்கக்கிழமை அழுத்தத்தைக் கூட்டுறாங்க சார்."

"கூட்டினா நம்ம பெட்டி காட்டும். அப்போ சொல்லிக்கலாம். இப்போ சொன்னா உன் பேர்தான் நாறும். எழுதினது நீதானே?" கையில் இருந்த எண்ணெயை அந்தத் தாளிலேயே துடைத்து என்னிடம் நீட்டினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். கோபம் வந்தால் எனக்கு வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில்தான் திட்ட வரும். அன்று அதிலும் வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. மதியச் சாப்பாடு வரைக்கும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டை நன்றாகவே சாப்பிட்டேன்.

பிறகு ஒரு கோழைத்தனமான யோசனை வந்தது. கடலில் மூழ்கி எங்கள் பெட்டிகளை இறக்கி ஏற்றுகிற தங்கப்பாண்டிக்கு மட்டும் ரகசியமாகப் போன் போட்டேன். அந்த எட்டுப் பேரில் அவர் ஒருவர்.

"அண்ணே, ராதாமணி பேசுறேன். திங்கக்கிழமை போகாதீக. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிருங்க."

"ஏம்மா?"

சொன்னேன்.

"அப்ப சித்திரையில நான் பாத்த குமிழி?"

மறந்தே போயிருந்தேன். கிணற்றுப் பக்கம் தண்ணீர் குமிழி விடுகிறது என்று அப்போதே போன் செய்திருந்தார். கோடு நேராக இருக்கிறது, மீன் கூட்டமாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். முதலாளியும் நானும் சிரித்தோம்.

"அது நிசம்தாண்ணே."

"நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீகன்னு அதுக்குள்ளயே முங்குனேன். ரெண்டு நாளு வாந்தி. சாப்பாடு ஆகலன்னு நெனச்சுக்கிட்டேன். படிச்ச பிள்ள சொல்லுதேன்னு என் கண்ணையே நான் நம்பலம்மா."

"அதான் சொல்றேண்ணே, திங்கக்கிழமை போகாதீக" என்றேன் மறுபடியும்.

"நான் போகலன்னா எனக்குப் பதிலா வேற எவனாச்சும் போவான். மத்த ஏழு பேரும் எப்படியும் போவாங்க. எங்கிட்டச் சொல்லி என்னம்மா ஆகப் போகுது? கம்பெனிக்குல்ல சொல்லணும்" என்று வைத்துவிட்டார்.

கம்பெனிக்கு மெயில் எழுதினேன். சித்திரை அறிக்கை தவறு, பாறை தளர்ந்தது, படகுக்காரர் குமிழி பார்த்துச் சொன்னதை நான் அலட்சியம் செய்தேன், தவறான வரியை எழுதியவள் நான். கீழே முழுப் பெயரைப் போட்டு, சரியான வரைபடத்தை இணைத்து அனுப்பினேன்.

நாலரை மணிக்குப் பதில் வந்தது. திங்கட்கிழமை வேலை நிறுத்தம், படகு புறப்பட வேண்டாம். அதன் நகல் முதலாளிக்கும் போயிருந்தது. என் மேஜைக்கே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"யாரைக் கேட்டு அனுப்பினே?"

"தங்கப்பாண்டி அண்ணனைக் கேட்டு சார்" என்றேன்.

சித்திரையிலேயே கேட்டிருக்க வேண்டும்.