இரண்டு கதவு லாண்டரி

"பன்னிரண்டு வருஷமா 'கதவைச் சாத்தப் போறேன், கதவைச் சாத்தப் போறேன்'னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தினியே! ஒரே ஒரு நாள் காலையில சாத்துன்னா மட்டும் ஏன் முடியல?"

"என் கடை! எனக்குத் தோணும்போது சாத்துவேன், தோணும்போது திறப்பேன். நகராட்சி சொன்னா மூடிக்க நான் என்ன அவங்க குழாயா?"

அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். அடுத்தவர் சண்டையை ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் எதிர்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் அல்லவா முதலில் யோசிக்க வேண்டும்?

பதிலுக்குக் கத்தியவர் லாண்டரி அண்ணன். முதலில் ஆரம்பித்தது அவருடைய தங்கை, டீச்சர். இரண்டு ஊன்றுகோல்களையும் ஒரே கையில் பிடித்து, சுவரில் சாய்ந்தபடி சண்டை போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

லாண்டரிக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. முன்கதவு எங்கள் தெருவில். பின்கதவைத் திறந்தால் நேராக ரயில் ஸ்டேஷன் ரோடு. நியாயமான வழி என்று பார்த்தால் தெருமூலையைச் சுற்றித்தான் போக வேண்டும். ஆனால் அந்த மூலையில் நடைபாதையை டிரான்ஸ்பார்மர் பெட்டி விழுங்கிவிட்டது. பஸ் திரும்பும் இடத்தில் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டும். அதனால் தெரு முழுக்க, காலை மாலை இரண்டு வேளையும், இஸ்திரி மேஜைக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் புகுந்து ஸ்டேஷனுக்கு ஓடும். "இது கடையா பிளாட்பாரமா?" என்று அண்ணன் தினமும் வைவார். வைது முடிப்பதற்குள் நாலு பேர் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

டீச்சர் மட்டும் அந்த வழியே போனதில்லை. முன்னால் மூன்று படி, பின்னால் நாலு படி. ஒரு தடவை அண்ணன் பலகை போட்டுப் பார்த்தார். பலகையும் அவளும் சேர்ந்து சறுக்கினார்கள். அதிலிருந்து மூலையைச் சுற்றித்தான் போவாள். அவள் பள்ளிக்கூடம் ரயிலில் நாலாவது நிறுத்தம். இந்த வருஷம் அந்த மூலையில் இரண்டு தடவை விழுந்துவிட்டாள். "மழை ஆரம்பிச்சா வேலையை விட்டுட வேண்டியதுதான்" என்று அவள் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஒரு ஏழெட்டுப் பேரைத் தவிர.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சியிலிருந்து திட்டம் போடுகிற அதிகாரி, பிளான் மேடம், வந்தார். ஸ்டேஷனுக்குப் புது வாசல் திறக்கப் போகிறார்களாம். வாசலைச் சுற்றி அரை கிலோமீட்டருக்கு அகலமான நடைபாதை, கிராசிங், கடைக்கு மேல் குடியிருப்பு, கார் இல்லாமலே ஜனங்கள் போய்வரும் பேட்டை. எங்கள் தெரு முனையிலா, அந்தக் கோடியில் உள்ள கார் ஷோரூம் பக்கமா என்பதுதான் கேள்வி. எங்கே ஜனம் அதிகம் நடக்கிறதோ அங்கே.

இரண்டு பேர் வந்து, மூலைக்குக் கொஞ்சம் முன்னால் நாற்காலி போட்டு, கையில் டிக் டிக் என்று அழுத்தும் கருவியோடு இரண்டு நாள் எண்ணினார்கள். என் ஜன்னலுக்கு நேர் கீழே. தண்ணீர்கூடக் கொடுத்தேன். லாண்டரிக்கு இரண்டு கதவு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லக் கூடாது என்று என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கட்டுப்பாடாக இருந்தேன். அது அன்றைக்கா வாய்க்க வேண்டும்?

இரண்டு நாளில் நடந்தவர்கள் பதினோரு பேர் என்று அறிக்கை வந்தது. அதில் நாலு டீச்சர், போக வர. மூன்று நான், எண்ணுகிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று பார்க்க இறங்கியிருந்தேன்.

டீச்சர் அறிக்கையோடு நேரே நகராட்சி அலுவலகம் போனாள். "மேடம், நீங்க மூலையில எண்ணினீங்க. ஜனமெல்லாம் எங்க அண்ணன் வயித்துக்குள்ள பூந்துல்ல போகுது!"

பிளான் மேடம் சிரித்தாராம். ஆனால் விதி விதிதான். கடைக்குள் நடப்பவர் பாதசாரி இல்லை, வாடிக்கையாளர். கணக்கில் வராது. செவ்வாய்க்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மறுபடி எண்ணலாம். ஜனம் தெருவில் நடந்தால் சரி.

அதற்குத்தான் இந்தச் சண்டை.

திடீரென்று அண்ணன் குரல் இறங்கியது. நான் எட்டிப் பார்த்ததில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. இருந்தாலும் காது நன்றாகவே கேட்டது.

"ஒரு தடவை அந்தப் பக்கம் பழகிட்டாங்கன்னா, அப்புறம் இந்தப் பக்கம் யாரும்மா வருவா?"

டீச்சர் ஊன்றுகோல்களை இரண்டு கைக்கும் பிரித்து ஊன்றினாள். "தெருவே உன் கடை வழியா போச்சு. நான் ஒருத்திதான் போகல, அண்ணா" என்றாள்.

அண்ணன் உள்ளே போய் ஒரே சட்டையை நாலு தடவை தேய்த்தார்.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கே இரண்டு ஷட்டரும் இறங்கியிருந்தன. அண்ணன் வாசலில் ஸ்டூல் போட்டு, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ரயில் போயிடும்ணே!"

"போனா இன்னொண்ணு வரும். இன்னைக்குத்தான் நீங்கல்லாம் மனுஷங்கன்னு கணக்குல ஏறப் போறீங்க. சுத்திப் போங்க, சுத்திப் போங்க!"

ஏழரைக்கு டீச்சர் கிளம்பினாள். டிரான்ஸ்பார்மர் பெட்டியை ஒட்டி ரோட்டோரமாக ஒரு ஆள்தான் போகலாம். இன்னும் தள்ளினால் பஸ். முதலில் ஒரு ஊன்றுகோல், அப்புறம் கால், அப்புறம் இன்னொன்று. அவளுக்குப் பின்னால் அறுபது எழுபது பேர், அவசரக் கூட்டம், அவள் நடையிலேயே நடந்தது. பின்னால் யாரோ "சீக்கிரம்" என்று ஆரம்பித்து, முன்னால் எட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஏழு நாற்பது ரயில் அவர்கள் கண்முன்னாலேயே போயிற்று. வருஷக்கணக்காக அவளுக்குக் காலை வணக்கம் சொன்னவர்கள், அவள் எப்படிப் போகிறாள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். கூட்டத்தோடு இறங்கியிருந்த நானும்தான். தினமும் ஜன்னலில் நின்றும் அந்த மூலை எனக்குத் தெரியாது. அது சுவருக்கு அந்தப் பக்கம்.

ஒன்பது மணிக்கு எண்ணிக்கை ஆயிரத்து நூற்று எழுபத்திரண்டு. டிக் டிக்காரர் கட்டைவிரலை ஊதிக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்குள் புது வாசல் எங்கள் முனையில் திறந்தது. பெட்டி இடம் மாறியது. மூன்று பேர் கோர்த்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு நடைபாதை. ஊன்றுகோல் வைத்தவர் கடந்து முடிக்கும்வரை பொறுத்திருக்கும் சிக்னல். எட்டு மாதம் புழுதியைத் திட்டினேன். திட்டியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் முட்டியும் சேர்ந்து நன்றி சொல்கிறது.

பிளான் மேடம் இன்னொரு காரியமும் செய்தார். நடைபாதையை லாண்டரியின் மேல்படி உயரத்துக்கே சரிவாக ஏற்றிவிட்டார். டீச்சர் முதல் தடவையாக முன்வாசல் வழியே தானாகவே உள்ளே வந்து, மேஜை மேல் கைப்பையை வைத்து, "அண்ணா, புடவை ஒண்ணு தேய்க்கணும்" என்றாள். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இஸ்திரி ஆவியாம்! பெட்டிக்கு அன்றைக்கு இன்னும் சூடே ஏற்றவில்லை, எனக்குத் தெரியாதா?

அவர் பயந்தது பாதி நடந்தது. கடைக்குள் புகுகிற கூட்டம் நின்றது. ஆனால் முன்வாசலில் நடக்கிற கூட்டம் இரட்டிப்பானதில் துணி குறையவில்லை. ஒரே ஒருத்தி மட்டும் இன்னமும் கடைக்குள் புகுந்தே போனாள்: ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற அம்மா.

"அதான் அழகா வழி போட்டிருக்காங்களே, இன்னும் ஏன் இப்படி?" என்று அண்ணன் கேட்டார்.

"பழகிப்போச்சு. நீங்க திட்டாம விட்டா எனக்கு நாள் நல்லா போகாது."

எது எங்கே போகிறது என்று நான் அன்றைக்கே சொன்னேன். டீச்சருக்கும் டிக் டிக்காரருக்கும்தான் கல்யாணம் முடியும் என்று பந்தயம் கட்டிய கீழ்வீட்டு அத்தை இப்போது என்னோடு பேசுவதில்லை.

டீச்சர் தலைமையாசிரியை ஆகி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்துக் குடிபோய்விட்டாள். யாருக்காக வழி வந்ததோ அவளே போய்விட்டாளே என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஞாயிறுதோறும் அதே வாசலில் இறங்கி, அதே கிராசிங்கில், யாரையும் காக்க வைக்காமல் வருகிறாள்.

அண்ணனுக்கும் டிக்கெட் அம்மாவுக்கும் கல்யாணம் நடந்தது. பன்னிரண்டு வருஷம் அவர் மிரட்டிக்கொண்டே இருந்த காரியத்தை அந்த அம்மா முதல் வாரத்திலேயே முடித்தாள். "இனிமே இந்தப் பக்கமா யாரும் வர வேண்டாம்" என்று பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.